நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வருபவர் எங்கே தங்கலாம், எப்படிப் போய் வரலாம்?

திருநெல்வேலியிலிருந்து மூன்று நாள் தொழிற்கண்காட்சிக்காக நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்துக்கு வருவதாகவும், வயதான தாயார், மனைவி, பத்து வயது மகன் ஆகியோர் உடன் வருவதாகவும் எழுதி, மையத்துக்கு மிக அருகில் உள்ள விடுதி எது, பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தபோது, நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறொன்று என்று எனக்குப் பட்டது. நால்வரில் ஒருவர் காலை முதல் மாலை வரை ஹாலுக்குள் இருப்பார். மற்ற மூவருக்கும் அந்த நேரம் முழுவதும் கையில் இருக்கும். இந்த இரண்டு வகை நாளுக்கும் பொருந்தும் இடம் எது என்பதுதான் கேள்வி. அதற்கு ‘மிக அருகில் உள்ள விடுதி’ என்பது சரியான விடையாக இருக்காது. பதினேழு ஆண்டுகளாகக் கண்காட்சிகளுக்கு ஸ்டால் அமைத்துத் தரும் வேலையில் இருக்கிறேன். அந்த மையத்தின் வாசலில் எத்தனை விடியற்காலையிலும் எத்தனை நள்ளிரவிலும் நின்றிருக்கிறேன் என்று கணக்கு வைத்ததில்லை. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் இடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்திய வர்த்தக மேம்பாட்டு நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் இணைந்து உருவாக்கிய இந்த மையம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. 2015, 2019, 2024 ஆகிய ஆண்டுகளின் உலக முதலீட்டாளர் மாநாடுகள் இங்கேதான் நடந்தன. பெயரில் சென்னை இருந்தாலும் இது நகரத்தின் நடுவில் இல்லை. அண்ணா சாலை, ஜிஎஸ்டி சாலை, நூறடிச் சாலை, பூந்தமல்லி செல்லும் சாலை ஆகிய நான்கும் கூடும் கத்திப்பாராவிலிருந்து மேற்கே திரும்பி, பட் ரோடு, ராணுவ நிலங்கள் ஆகியவற்றைத் தாண்டி, அடையாறு ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் மணப்பாக்கம், மியாட் மருத்துவமனை, டிஎல்எஃப் ஐ.டி. பூங்கா, ராமாபுரம், பிறகு போரூர். வடக்கே ஆறு, தெற்கே பரங்கிமலையும் ராணுவ நிலமும் இருப்பதால், நீங்கள் எங்கிருந்து வந்தாலும் கடைசியில் மவுண்ட்–பூந்தமல்லி சாலை என்ற ஒரே சாலைக்குத்தான் வந்து சேர வேண்டும். தங்குமிடம், வாகனம், நேரம் என்று எதை முடிவு செய்தாலும் இதை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் வெளிமாநில வாடிக்கையாளர் ஒருவருக்கு, வரைபடத்தில் மையத்திலிருந்து விரல் நுனி அளவு தூரத்தில் தெரிந்த ஒரு விடுதியில் அறை போட்டுக் கொடுத்தேன். விடுதி ஆற்றுக்கு வடக்கே, எம்.ஜி.ஆர். நகர்ப் பக்கம் இருந்தது. பறவையாக இருந்தால் ஐந்து நிமிடம். காரில் வந்தவர் நூறடிச் சாலைக்குப் போய், கத்திப்பாராவைச் சுற்றி, தொடக்க விழா முடிந்த பிறகு வேர்த்த முகத்தோடு ஹாலுக்குள் நுழைந்தார். ஆகவே முன்பதிவுத் தளங்கள் காட்டும் ‘2 கி.மீ. தொலைவில்’ என்ற வரியை நம்பாதீர்கள். விடுதியின் பெயரைப் போட்டு, வார நாள் காலை ஒன்பது மணிக்குச் சாலை வழி எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பாருங்கள்.

தங்குவதற்கு மூன்று வட்டாரங்களைச் சொல்வேன். முதலாவது பாலத்துக்கு அப்பால் உள்ள மணப்பாக்கம், ராமாபுரம் பகுதி. உயர்தர விடுதி வேண்டுமானால் மவுண்ட்–பூந்தமல்லி சாலையிலேயே ஃபெதர்ஸ் இருக்கிறது. மருத்துவமனைக்கு வருபவர்களின் உறவினர்களுக்காகவும் ஐ.டி. நிறுவனங்களுக்கு வருபவர்களுக்காகவும் நடத்தப்படும் சமையலறையோடு கூடிய சர்வீஸ் அபார்ட்மெண்டுகளும் அங்கே நிறைய உண்டு. சொந்தமாக ஸ்டால் போடுபவருக்கு இந்த வட்டாரம்தான் ஏற்றது, ஏனென்றால் கண்காட்சிக்கு முந்தைய இரவு ஸ்டால் வேலை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளைவுட் தட்டிகளுக்கு இடையே தச்சர்களின் சுத்தியல் சத்தம் இரவு ஒரு மணிக்கும் ஓயாது; கம்பளம் விரிப்பவர் பெயிண்ட் காயட்டும் என்று ஓரமாகச் சுருளின் மேல் தலை வைத்துப் படுத்திருப்பார். அந்த நேரத்தில் பத்து நிமிடத்தில் படுக்கைக்குப் போக முடிவது பெரிய ஆறுதல். ஆனால் மற்ற மூவருக்கு அங்கே பகலில் செய்வதற்கு அதிகம் இல்லை; நகருக்குள் போக வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அதே சாலையில் கத்திப்பாரா வரை வர வேண்டும்.

இரண்டாவது கத்திப்பாராவைச் சுற்றிய வட்டாரம், அதாவது ஆலந்தூர், பரங்கிமலை, கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல். ஜிஎஸ்டி சாலையில் விமான நிலையத்துக்கும் கத்திப்பாராவுக்கும் இடையே ரேடிசன் ப்ளூ ஜிஆர்டி, ட்ரைடென்ட் ஆகியவையும், கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா, லெமன் ட்ரீ ஆகியவையும், ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ அருகே ஹில்டனும் உள்ளன. இவற்றுக்கு இடையே நடுத்தர வாடகையில் சிறு விடுதிகளும் லாட்ஜுகளும் தெருவுக்குத் தெரு உண்டு. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது இந்த வட்டாரம்தான். நீங்கள் மேற்கே மையத்துக்குப் போகும்போது, உங்கள் வீட்டார் மெட்ரோவிலோ புறநகர் ரயிலிலோ கிழக்கே நகருக்குள் போகலாம். மாலையில் எல்லோரும் ஒரே இடத்துக்குத் திரும்பலாம். அறையைத் தேர்ந்தெடுக்கும்போது விடுதியிலிருந்து ஆலந்தூர் அல்லது கிண்டி நிலையத்துக்கு உங்கள் தாயார் நடந்தே போக முடியுமா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிஎஸ்டி சாலையில் விடுதி எதிர்ச்சாரியில் இருந்தால், அந்த அகலமான சாலையைக் கடப்பது பெரியவர்களுக்கு எளிதல்ல.

மூன்றாவது தியாகராய நகர். கடைத்தெருவும் சைவ உணவகங்களும் காலடியில் இருக்கும் என்பது அதன் நன்மை. ஆனால் தினமும் காலையில் மையத்துக்குப் போக வேண்டியவருக்கு அது தூரம். நான்காவது நாளும் சென்னையில் இருக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதை யோசிக்கலாம்.

வாடகை எவ்வளவு என்று நான் எழுதினால் அது உங்களுக்குப் பயன்படாது. பெரிய கண்காட்சி நடக்கும் வாரத்தில் இதே அறைகளின் வாடகை வழக்கத்தைவிட வெகுவாக ஏறிவிடும். கண்காட்சி அமைப்பாளர்கள் சில விடுதிகளோடு சலுகை வாடகை பேசி வைத்திருப்பார்கள். பங்கேற்பாளர் கையேட்டின் பின்பக்கங்களில் அந்தப் பட்டியல் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 விழுக்காடும், அதைத் தாண்டினால் 18 விழுக்காடும் சரக்கு சேவை வரி என்பது 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறை. எனவே 7,400-க்கும் 7,600-க்கும் உள்ள வேறுபாடு வெறும் இருநூறு ரூபாய் அல்ல.

வந்து சேரும் வழியைப் பார்ப்போம். நெல்லை எக்ஸ்பிரஸில் வருவதானால் எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் புறநகர் ரயிலில் பரங்கிமலையிலோ அடுத்த நிலையமான கிண்டியிலோ இறங்கலாம். இரண்டு இடத்திலும் மெட்ரோ ஒட்டியே இருக்கிறது. பெட்டிகள் அதிகம் என்றால் தாம்பரத்திலிருந்தே டாக்ஸி எடுப்பது நல்லது, ஏனென்றால் காலை எட்டு மணிக்கு மேல் அந்தப் புறநகர் ரயிலில் பெட்டியோடு ஏறுவது பெரும் பாடு. பேருந்தில் வந்தால் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டியிருக்கும். அங்கிருந்து கிண்டி செல்லும் மாநகரப் பேருந்தில் கத்திப்பாராவில் இறங்கலாம். சொந்தக் காரில் வந்தால் பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறி, போரூரில் இறங்கி, மேற்கிலிருந்து மையத்துக்கு வருவது ஒரு வழி. ஜிஎஸ்டி சாலை நெரிசலையும் கத்திப்பாராவையும் அதில் தவிர்த்துவிடலாம். ஆனால் போரூர் சந்திப்பு காலையில் திணறும். எந்த வழி மேல் என்பதை அன்றைய போக்குவரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே பெயர்க் குழப்பம் இரண்டைச் சொல்லியாக வேண்டும். மவுண்ட், பரங்கிமலை, செயின்ட் தாமஸ் மவுண்ட், புனித தோமையார் மலை எல்லாம் ஒரே இடம்தான்; அறிவிப்பில் ஒன்றும் பலகையில் ஒன்றுமாக வந்தால் பதற வேண்டாம். ஆனால் நந்தனமும் நந்தம்பாக்கமும் வேறு வேறு. நந்தனத்தில் மெட்ரோ நிலையம் இருக்கிறது; அங்குள்ள ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில்தான் ஆண்டுதோறும் புத்தகக் காட்சி நடக்கிறது. ‘கண்காட்சி’ என்ற ஒரே சொல்லை நம்பி நந்தனத்தில் இறங்கிவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலர். நீங்கள் இறங்க வேண்டிய மெட்ரோ நிலையம் ஆலந்தூர்.

ஆலந்தூரில் நீல, பச்சை வழித்தடங்கள் இரண்டும் சந்திக்கின்றன. சென்ட்ரலிலிருந்து எந்தத் தடத்தில் ஏறினாலும் ஆலந்தூர் வரும். விமான நிலையத்திலிருந்து மூன்றாவது நிலையம். மெட்ரோ காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடுகிறது. அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். ஆலந்தூரிலிருந்து மையம் ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்குள். அந்தக் கடைசித் துண்டுதான் தொல்லை. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்தில் மையத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. அந்தத் தடம் ஓடத் தொடங்கினால் இந்தப் பத்தியே தேவைப்படாது. அதுவரை, அதே வேலைக்காகத் தூண்களும் தடுப்புகளும் சாலையின் அகலத்தை எடுத்துக்கொள்வதால், வண்டியில் பத்து நிமிடமாக இருந்த தூரத்துக்கு நெரிசல் நேரத்தில் நான் அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். இந்த அரை மணி என் அனுபவக் கணக்கு மட்டுமே. தடுப்புகளை நகர்த்தும்போது அதுவும் மாறும்.

காலையில் போகும்போது ஆட்டோவோ செயலி வழி டாக்ஸியோ எளிதில் கிடைக்கும். மேம்பாலத்துக்கு அடியில் உள்ள கத்திப்பாரா நகர்ப்புறச் சதுக்கத்தில் சிற்றுண்டி முடித்துவிட்டு, போரூர், பூந்தமல்லி, குன்றத்தூர் செல்லும் மாநகரப் பேருந்து எதிலும் ஏறலாம். பிராட்வேயிலிருந்து பூந்தமல்லி செல்லும் 54 நெடுங்காலமாக இந்தச் சாலையில் ஓடும் பேருந்து. ‘டிரேட் சென்டர்’ என்று நடத்துநரிடம் சொன்னால் போதும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை உங்கள் மனைவியும் தாயாரும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மாலைதான் சோதனை. கண்காட்சி ஆறு மணிக்கு முடிந்தால், ஆறேகாலுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாசலில் நின்று ஒரே நேரத்தில் கைப்பேசியில் வண்டி தேடுவார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏற்றுக்கொண்ட ஓட்டுநரும் நெரிசலைப் பார்த்து ரத்து செய்துவிடுவார். டிஎல்எஃப்பிலிருந்து வேலை முடிந்து வரும் வாகனங்களும் அப்போதுதான் பாலத்தைக் கடக்கும். நான் செய்வது இது: ஐந்தரைக்கே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன், இல்லையென்றால் ஏழரை வரை உள்ளேயே உட்கார்ந்து அன்று வந்த விசிட்டிங் கார்டுகளின் பின்புறம் குறிப்பு எழுதுவேன். இடைப்பட்ட நேரத்தில் போக வேண்டியிருந்தால், வாசலில் நிற்காமல் கத்திப்பாரா நோக்கிச் சற்றுத் தூரம் நடந்து, பேருந்து நிறுத்தத்தில் வரும் முதல் பேருந்தில் ஏறுவதே மேல். கிண்டி வரை போகும் பேருந்து எதுவானாலும் அது மெட்ரோவில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது நந்தம்பாக்கமும் மணப்பாக்கமும் வெள்ளத்தில் மூழ்கின. ஒவ்வோர் ஆண்டும் அப்படி ஆவதில்லை. ஆனாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறப்பு என்ற செய்தி வந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அறை வைத்திருப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

இனி, பார்க்க வேண்டிய இடங்கள். எல்லோரும் மெரினாவை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் நீங்கள் இருக்கப்போவது நகரின் மேற்கு ஓரம், அதன் செல்வங்களே வேறு. முதலாவது பரங்கிமலையேதான். சுமார் 300 அடி உயரமுள்ள இந்தக் குன்றின் மேல் போர்த்துக்கீசியர் 1523-இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. இயேசுவின் சீடரான தோமையார் இங்கே உயிர்நீத்தார் என்பது கிறிஸ்தவ மரபின் நம்பிக்கை. போர்த்துக்கீசியர் கட்டியது, 1547-இல் இங்கே பழைய கற்சிலுவை கிடைத்தது ஆகியவை வரலாறு. இரண்டையும் பிரித்துச் சொல்லி மகனுக்குக் காட்டுங்கள். ஏறும் படிகளை அமைத்தவர் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பழைய பாலத்தைக் கட்டியவரும் அவரே. தாயாருக்குப் படி ஏற முடியாவிட்டால் கவலை இல்லை, உச்சி வரை வண்டி போகும். இந்தியாவை முக்கோண முக்கோணமாக அளந்த பெரும் நில அளவைப் பணிக்காக, 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் அதிகாரி லாம்ப்டன் அதன் முதல் அடிக்கோட்டை (முக்கோணங்களுக்கு ஆதாரமான நேர்கோட்டை) அளக்கத் தொடங்கியதும் இந்த மலையடிவாரத்தில்தான். மாலை ஐந்து மணிக்கு மலையுச்சியில் நின்றால், விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஓடுபாதையைத் தொடுவது கண்மட்டத்துக்கு அருகில் தெரியும். பத்து வயதுப் பையனை அங்கிருந்து கீழே இறக்குவது உங்களுக்குக் கடினமாக இருக்கும்.

தாயாருக்காகக் கோயில்கள். மையத்துக்குப் பக்கத்திலேயே நந்தம்பாக்கம் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. பிருங்கி முனிவரின் ஆசிரமத்துக்கு இராமர் வந்து தங்கினார் என்பது தலபுராணம். பரங்கிமலை என்ற பெயர் பிருங்கிமலையின் திரிபு என்றும் சொல்வார்கள். பரங்கியர் வாழ்ந்த மலை என்பதே எனக்கு இயல்பாகப் படுகிறது, ஆனாலும் இதை நான் தீர்ப்பாகச் சொல்லவில்லை. ஆலந்தூரிலிருந்து சிறு தூரத்தில் நங்கநல்லூரில் ஒரே கல்லால் ஆன 32 அடி ஆஞ்சநேயர். பல்லாவரத்துக்கு அப்பால் 108 திவ்விய தேசங்களில் ஒன்றான திருநீர்மலை. நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் பெருமாள் காட்சி தரும் தலம். போரூரைத் தாண்டினால் மாங்காடு காமாட்சியும், சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும், தியாகராஜர் ஐந்து கிருதிகள் பாடிய கோவூர் சுந்தரேசுவரரும் ஒரே அரை நாளில் அடங்குவார்கள். நண்பகல் முதல் நான்கு மணி வரை பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தியிருக்கும் என்பதால், காலை ஏழு மணிக்கே புறப்படச் சொல்லுங்கள்.

மகனுக்கு கிண்டி சிறுவர் பூங்காவும் அதை அடுத்த பாம்புப் பண்ணையும், சற்றுத் தூரத்தில் வண்டலூர் உயிரியல் பூங்காவும் உண்டு. இவற்றுக்குச் செவ்வாய் விடுமுறை. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கும் அதேதான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. உங்கள் கண்காட்சியின் நாட்களை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். சோழர் காலத்து நடராசரை இவ்வளவு அருகில் நின்று பார்ப்பதற்கு எளிதில் வாய்ப்புக் கிடைக்காது. பரங்கிமலையிலிருந்து எழும்பூருக்குப் புறநகர் ரயில் நேராகப் போகிறது. அதே ரயிலில் மூன்றாவது நிலையம் மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. அங்கிருந்து தியாகராய நகர்ப் பேருந்து நிலையம் வரை நெரிசலுக்கு மேலே ஆகாய நடைபாதை இருப்பதால், தாயாரோடு போகிறவர்கள் அதையே பயன்படுத்தலாம்.

கண்காட்சி முடிந்த மறுநாள் வெளியூர் போக நினைத்தால், மாமல்லபுரத்தைவிட காஞ்சிபுரத்தைத்தான் நான் சொல்வேன். மையத்தின் வாசலில் ஓடும் சாலையே பூந்தமல்லி வழியாக, இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுக் காஞ்சிக்கு இட்டுச் செல்கிறது. நகருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிற்பங்களில் இளவெயில் விழும் நேரத்துக்குப் போய்விடலாம். இரவு நெல்லை எக்ஸ்பிரஸுக்கு எழும்பூர் வர வேண்டாம். காஞ்சியிலிருந்து வாலாஜாபாத், படப்பை வழியாக நேரே தாம்பரம் வந்து அங்கேயே ஏறிக்கொள்ளுங்கள். பயணச்சீட்டு எடுக்கும்போதே ஏறும் நிலையத்தைத் தாம்பரம் என்று போட்டுவிடுங்கள்.